மருந்துக்கும் உண்டு கூட்டல் கணக்கு

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அறநூலுக்கு மருந்தின் பெயரைச் சூட்டிய பெருமை தமிழுக்கு உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு வரிசையில் காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியார் இயற்றிய ஏலாதியும் அத்தகையன. இவ்விருவரும் சமணச் சான்றோர். ஐந்து வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாக ஆறு பொருள்கள் சேர்ந்தது ஏலாதி. ஏலாதிச் சூரணத்தில் முதற்பொருள் ஒரு பங்கு, அடுத்தது இரண்டு பங்கு என ஒவ்வொன்றாக ஏறி, ஆறாம் பொருள் ஆறு பங்காகச் சேரும் என்பர். பொருளை அறிந்தால் மட்டும் போதாது, ஒன்றோடு ஒன்று சேரும் அளவையும் அறிய வேண்டும் என்பது அம்மருந்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

இன்று ஒவ்வோர் இல்லத்திலும் முதியோர் ஒருவருக்கென ஒரு மருந்துப் பை இருக்கிறது. சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கால் எரிச்சலுக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று, சிறுநீர்த் தொல்லைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே அளவறிந்து எழுதப்பட்டதே. ஆயினும் ஒரு வயிற்றுக்குள் சென்று சேர்ந்தபின் அவை என்ன விகிதத்தில் கூடுகின்றன என்று கணக்குப் பார்ப்பவர் பல இல்லங்களில் ஒருவரும் இல்லை. இக்கணக்கு தவறும்போது பெருந்துன்பம் விளைவிக்கும் மருந்துக் கூட்டம் ஒன்றைப் பற்றியதே இவ்வுரை.

கோலின் தடை மருந்து என்பது யாது?

உடலில் நரம்புகள் உறுப்புகளுக்கு ஆணை அனுப்பும்போது சில வேதிப்பொருள்களைத் தூதாக அனுப்புகின்றன. அத்தூதுகளில் தலையாயது அசிட்டைல்கோலின். நரம்பின் செய்தி வேதிப்பொருள் வழியாகச் செல்கிறது என்பதை 1921-இல் ஆட்டோ லோவி என்னும் அறிவியலாளர் மெய்ப்பித்தார். அவருக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அசிட்டைல்கோலின் செய்யும் பணிகள் பல. வாயில் உமிழ்நீரை ஊறச் செய்வது அதுவே. குடலை அசைத்து உணவை நகர்த்துவதும், சிறுநீர்ப்பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றுவதும், கண்மணியைச் சுருக்குவதும், இதயத்தின் வேகத்தைத் தணிப்பதும், தோலில் வியர்வையை வரவழைப்பதும் அதன் வேலையே. மூளைக்குள் நினைவையும் கவனத்தையும் காப்பதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

இத்தூது சென்று சேரும் வாயிலை அடைத்துவிடும் மருந்துகளையே ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் என்கின்றனர். தமிழில் கோலின் தடை மருந்துகள் எனலாம். வாயில் அடைபட்டதும் மேற்சொன்ன பணிகள் யாவும் எதிர்மாறாகின்றன. வாய் உலர்கிறது, குடல் மந்தமாகிறது, சிறுநீர் தேங்குகிறது, கண்மணி விரிகிறது, இதயம் விரைகிறது, வியர்வை நிற்கிறது, சிந்தை கலங்குகிறது. நோய்க்கேற்ப இவற்றுள் ஏதேனும் ஒன்று மருத்துவருக்குத் தேவைப்படுகிறது. எஞ்சியவை வேண்டாத விளைவுகளாக உடன் வருகின்றன. இம்மருந்துகளின் நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

ஊமத்தை சொல்லும் செய்தி

இவ்வகை மருந்து தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. வேலியோரத்தில் முளைத்துக் கிடக்கும் ஊமத்தையில் இருப்பவை அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபாலமின் முதலிய கோலின் தடைப் பொருள்களே. பித்தேறிய நிலையைக் குறிக்கும் உன்மத்தம் என்னும் சொல்லே ஊமத்தம், ஊமத்தை எனத் திரிந்தது என்பர். அச்செடியை உண்டவர் நிலையைக் கண்டே முன்னோர் அப்பெயரை இட்டிருக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் புண்ணுக்கு மேற்பூச்சாக வழங்கும் மத்தன் தைலத்தில் ஊமத்தை இலைச்சாறு சேர்கிறது. பயனும் நஞ்சும் ஒரு செடியில் இருப்பதை உணர்ந்து, அதனை உடலின்மேல் பூசும் வகையில் வகுத்திருக்கின்றனர்.

சென்னைக்கும் இம்மருந்தின் உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பினி அரசின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் ஆஸ்துமாவின் இளைப்புத் தணியும் என்பது இங்கு அறியப்பட்டிருந்தது. அவர் வாயிலாக அதனை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-இல் அம்முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். ஐரோப்பா அதன்பின் பல்லாண்டுகள் ஊமத்தைப் புகையை ஆஸ்துமா மருந்தாகக் கொண்டது.

1833-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கைகரும் ஹெஸ்ஸும் பெல்லடோனா என்னும் செடியிலிருந்து அட்ரோபினைத் தூய நிலையில் பிரித்தெடுத்ததை வெளியிட்டனர். உயிரின் இழையை அறுப்பவளாகக் கிரேக்கர் கருதிய அட்ரோபோஸ் என்னும் தெய்வத்தின் பெயரே அச்செடியின் அறிவியற் பெயராகி, மருந்துக்கும் ஆகி வந்தது. புகையாக இழுத்த பொருளின் வழித்தோன்றல்களே இன்று நுரையீரல் மருத்துவர்கள் எழுதித் தரும் இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் என்னும் உள்ளிழுப்பு மருந்துகள். இவை இரத்தத்திலும் மூளையிலும் மிகுதியாகச் சேராதபடி அமைக்கப்பட்டவை. ஆதலின் ஊமத்தையை விடப் பன்மடங்கு பாதுகாப்பானவை. இக்காலத்தில் எவரும் ஊமத்தை இலையையோ விதையையோ தாமே மருந்தாகப் பயன்படுத்துதல் கூடாது. ஒரு செடியில் எவ்வளவு நஞ்சு உண்டு என்பதை எவராலும் கண்ணால் அளக்க இயலாது.

வேலூரில் உயிர் காக்கும் மருந்து

இம்மருந்துகளைத் தீயவை என்று ஒதுக்குவது பெரும்பிழை. மேல்விஷாரத்தில் தோல் தொழிற்சாலைகளும் காலணி நிறுவனங்களும் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கின்றன. ஊரைத் தாண்டிச் சற்றே நடந்தால் பாலாற்றுப் பகுதியின் நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் வந்துவிடும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்னும் வகை ஒன்று உண்டு. அது உடலில் சேர்ந்தால் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கிப் பெருகிவிடும். எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சுக்குழாய் நீரால் நிறையும், இதயத்துடிப்பு மந்தமாகும். நெஞ்சு நீரில் மூழ்கி மூச்சு நிற்கும் அபாயம் வரும்.

அப்போது கைகொடுப்பது அட்ரோபின். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இந்நஞ்சால் பாதிக்கப்பட்டோரை நெடுங்காலமாகக் காத்து வருகிறது. பிராலிடாக்ஸிம் என்னும் மற்றொரு மாற்று மருந்து உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா என்பதை 1990-களில் அங்குள்ள மருத்துவர்கள் முறையான ஆய்வுகளால் சோதித்தனர். எதிர்பார்த்த பயன் அவற்றில் தென்படவில்லை. இலங்கையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வும் அவ்வாறே முடிந்தது. அட்ரோபினோ இன்றும் முதன்மை மருந்தாக நிலைத்து நிற்கிறது.

இங்கு அளவின் அருமை புலப்படுகிறது. இதயத்துடிப்பு மிகவும் குறைந்தவருக்கு அட்ரோபின் ஒரு மில்லிகிராம் அளவிலேயே தரப்படுகிறது. மொத்தம் மூன்று மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பூச்சிமருந்து நஞ்சேறியவருக்கோ தொடக்கமே ஏறத்தாழ இரண்டு, மூன்று மில்லிகிராம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சொலியைக் கேட்டு, போதாதெனில் அளவை இரட்டிப்பர். பல பத்து மில்லிகிராம் தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் அட்ரோபின் பெற்றோரில் 22.5 சதவீதத்தினர் இறந்தனர். விரைந்து இரட்டித்துப் பின் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் முறையில் இறந்தோர் 8 சதவீதத்தினரே. மருந்து ஒன்றுதான். அளக்கும் முறை மாறியதால் உயிர்கள் மிஞ்சின.

அங்கும் எல்லை உண்டு. நெஞ்சு தெளிந்தபின்னும் மருந்து மிகுந்தால் காய்ச்சல், பிதற்றல், குடல் அசைவின்மை தோன்றும். அதனால் செவிலியர் நோயாளியின் அருகிருந்து கண்மணி, நாடி, வயிற்றொலி, வியர்வை ஆகியவற்றை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டே இருப்பர். பூச்சிமருந்து உடலில் பட்டவர் உடையைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவி, 108 ஊர்தியை அழைத்து விரைய வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு இங்கு இடமில்லை.

அன்றாட மருத்துவத்தில்

அவசரச் சிகிச்சைக்கு அப்பாலும் இம்மருந்துகளின் பயன் விரிந்தது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும்முன் கண்மணியை விரிக்க இடும் டிராபிகமைடு சொட்டு இவ்வினத்தது. குழந்தைகளின் கிட்டப்பார்வை விரைந்து வளராமல் தடுக்க 0.01 சதவீத அட்ரோபின் சொட்டு மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது. அறுவைச் சிகிச்சையின்போது உமிழ்நீரைக் குறைக்கக் கிளைகோபைரோலேட்டு உதவுகிறது. வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின், ஹயோசின். அடக்க இயலாமல் அடிக்கடி வரும் சிறுநீருக்கு ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின். நடுக்கத்துக்கும், மனநோய் மருந்துகளால் வரும் தசை இறுக்கத்துக்கும் டிரைஹெக்ஸிபெனிடில்.

இவையன்றி, வேறு பணிக்கென உண்டாக்கப்பட்டும் கோலின் தடைக் குணத்தை மறைவாகக் கொண்டவை சில உண்டு. சளிக்கும் தும்மலுக்கும் தரும் குளோர்பெனிரமின், மலைப்பாதைப் பயண வாந்திக்குத் தரும் புரோமெத்தசின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், நரம்பு எரிச்சலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவை அத்தகையன. சளி மாத்திரைதானே என்று கருதப்படுவதற்குள்ளும் ஊமத்தையின் குணம் சிறிது ஒளிந்திருக்கிறது. இதனைப் பலர் அறியார்.

பிள்ளைகளைப் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. டைசைக்ளோமின் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒருபோதும் கூடாது. மூச்சுத் திணறலும் வலிப்பும் நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. பால் குடிக்கும் குழந்தை வயிற்றுவலியால் அழுகிறது என்று பெரியவர் மருந்தில் சில துளி தருவது உயிருக்கே ஆபத்தாகும். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குத் தரலாகாது என்னும் எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிடுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் பணித்தது.

முதுமையும் கூட்டல் கணக்கும்

இனி இவ்வுரையின் மையக் கருத்துக்கு வரலாம். மேல்விஷாரத்தில் வாழும் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோர்க்கு நிலைமை எளிதில் விளங்கும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ஆற்காட்டில் ஒரு மருத்துவர் டோல்டெரோடின் எழுதுகிறார். சர்க்கரை நோயால் கால் எரிகிறது. வேலூரில் வேறொரு மருத்துவர் இரவுக்கு அமிட்ரிப்டிலின் எழுதுகிறார். மார்கழியில் சளி பிடிக்கிறது. மகன் மருந்துக்கடையில் கேட்டுக் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை வாங்கி வருகிறார். மலம் இறங்காமல் வயிறு பிசைகிறது. முன்பு மிஞ்சிய டைசைக்ளோமினை அம்மையார் எடுத்துத் தருகிறார். நால்வரும் அன்போடுதான் செய்தனர். நான்கும் கோலின் தடை மருந்துகளே என்பதை நால்வரில் எவரும் அறியார்.

ஒரு வாரத்தில் அப்பெரியவர் பேரப்பிள்ளையின் பெயரை மறக்கிறார். நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்கப் போகிறார். இல்லாதவர் எவரோ வந்ததாகச் சொல்கிறார். வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. சில வீடுகளில் மறதி நோய்க்கென்று டோனெபெசில் என்னும் மருந்தும் தொடங்கப்படுகிறது. அம்மருந்து அசிட்டைல்கோலினைக் கூட்டுவது. முன்னைய நான்கும் அதனைத் தடுப்பவை. ஒரே வண்டியின் முன்னும் பின்னுமாக இரு காளைகளைப் பூட்டி எதிரெதிர்த் திசையில் ஓட்டுவதற்கு ஒப்பாகும் இது.

இத்தகைய நிலையை அளக்க மருத்துவ உலகம் ஒரு கூட்டல் அட்டவணையை வகுத்துள்ளது. 2008-இல் அமெரிக்காவில் உருவான அந்த அட்டவணை, ஒவ்வொரு மருந்துக்கும் அதன் தடைக் குணத்துக்கேற்ப ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் தருகிறது. மொத்தம் மூன்றை எட்டினாலே கவனம் வேண்டும் என்கிறது. மேற்கூறிய நான்கு மருந்துகளும் மும்மூன்று பெறுபவை. இரண்டு சேர்ந்தாலே ஆறு. முதியோருக்கு ஆகாத மருந்துகளைத் தொகுத்து அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2023-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவ்வின மருந்துகள் பல இடம்பெற்றுள்ளன.

முதியோருக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை? வயது ஏற ஏற மூளையில் அசிட்டைல்கோலினின் இருப்பு குறைகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை வெளியேற்றும் வேகமும் தளர்கிறது. இளைஞருக்கு ஓர் இரவு மயக்கத்தோடு போகும் மாத்திரை, முதியவருக்கு இரண்டு நாள் தங்குகிறது.

நீண்ட காலப் பயன்பாடு மறதி நோய்க்கு வழிகோலுமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவின் சியாட்டிலில் 65 வயதைக் கடந்த 3,434 பேரைச் சராசரியாக ஏழாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்துகளை மிகுந்த அளவில் பல்லாண்டு உண்டோருக்கு மறதி நோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. 2019-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் வெளியிட்ட பெரிய ஆய்விலும் அத்தகைய தொடர்பு தென்பட்டது. ஆனால் அவ்வாய்வில் வயிற்றுப் பிடிப்பு மருந்துகளுக்கும் ஒவ்வாமை மருந்துகளுக்கும் அத்தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு காணப்பட்டது என்பதாலேயே மருந்துதான் நோயை உண்டாக்கியது என்று முடிவு செய்துவிட இயலாது. எனினும் தேவையின்றி நீட்டிக்க வேண்டாம் என்பதற்கு அது போதிய காரணமாகும். உடனடியாக வரும் குழப்பமோ பெரும்பாலும் மருந்தை மாற்றியதும் தெளியக் கூடியது. ஆகவே முதியவர் திடீரெனத் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது அவரது மருந்துப் பையை.

வேலூர் மண்ணுக்கு உரிய மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது கண். கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகியிருப்போருக்குக் கண்மணி விரிந்தால் அவ்வழி அடைபட்டுக் கண்ணழுத்தம் திடீரென ஏறும். கண் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். சில மணி நேரத்தில் பார்வையே பறிபோகலாம். வேலூர் நகரில் 30 முதல் 60 வயதினரிடையே நடத்தப்பெற்று 1998-இல் வெளியான கண் ஆய்வில், இத்தகைய குறுகிய கோண வகைக் கண்ணழுத்த நோய் 4.32 சதவீதத்தினரிடமும், மற்றொரு வகையாகிய திறந்த கோண நோய் 0.41 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. இலக்கணத்தை இறுக்கிய பிற்கால ஆய்வுகளில் இவ்வெண் குறைவே. ஆயினும் இம்மண்ணின் கண்களில் குறுகிய கோணம் அரிதன்று என்பது தெளிவு. நாற்பதைக் கடந்தோர் கண்ணழுத்தத்தையும் கோணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. இப்ராட்ரோபியத்தை ஆவியாகப் பிடிப்போர் முகமூடியை இறுகப் பொருத்தி, அது கண்ணில் படாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வெயில். கோடையில் வேலூரும் சுற்றுப்புறமும் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது எவரும் அறிந்ததே. அவ்வெயிலில் உடலைக் காப்பது வியர்வை ஒன்றே. கோலின் தடை மருந்து வியர்வையை நிறுத்திவிடும். கத்திரி நாள்களில் தோல் தொழிற்சாலையின் தகரக் கூரையின் கீழ் உழைப்பவரோ, வயலில் நிற்பவரோ, தேரோட்டத்தில் நடப்பவரோ இம்மருந்தை உண்டிருந்தால், வெப்பம் உள்ளேயே தங்கி மயக்கம் வரும். தோல் சூடாகவும் உலர்ந்தும் இருந்து, பேச்சுக் குழறினால் அது வெப்ப மயக்கத்தின் அறிகுறி. நிழலுக்குக் கொண்டு சென்று, நனைத்த துணியால் உடலைக் குளிர்வித்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மூன்றாவது சிறுநீர். புராஸ்டேட் சுரப்பி பெருத்த முதியவர் ஒருவர் இரவில் ஒரு சளி மாத்திரை உண்டு, விடியலில் சிறுநீர் அறவே வெளியேறாமல் துடிப்பது மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் காட்சி. புராஸ்டேட் தொல்லை உள்ளவர் சளி மாத்திரை வாங்கும்போதே அதனை மருந்தாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

பொழுது சாய்ந்தபின் உண்ணாதோர்

சூரியன் மறைந்தபின் உணவும் சிலர் நீரும் கொள்ளாத வழக்கம் இச்சமூகத்தாரிடம் தொன்றுதொட்டு உள்ளது. விரத நாள்களில் அது மேலும் கடுமையாகும். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் நீரின்றி இருக்கும் உடலில் கோலின் தடை மருந்து இருந்தால், வாய் உலர்வு மிகும், பற்சொத்தை விரையும், மலச்சிக்கல் முற்றும். சிறுநீரும் தேங்கக்கூடும். மருத்துவர்களில் பலர் இவ்வழக்கத்தை அறியார். இரவு படுக்குமுன் ஒன்று என்று அவர் எழுதும்போது, இரவில் எதுவும் கொள்வதில்லை என்பதை நோயாளி தயங்காமல் சொல்ல வேண்டும். நாளுக்கொரு முறை உண்ணும் நீண்ட வினை மருந்துகளும், மாலைக்கு மாற்றத்தக்க வேளைகளும் பலவற்றுக்கு உண்டு. சொன்னால்தான் அவர் வழி காண இயலும். சொல்லாமல் மருந்தைத் தாமே விட்டுவிடுவதும், இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து மாலையில் விழுங்குவதும் தீங்கானவை. பெரியவர் விரதம் மேற்கொள்ள விரும்பினால், தொடங்குவதற்குச் சில நாள் முன்பே மருத்துவரைக் கண்டு வருதல் வேண்டும். பகற்பொழுதில் போதிய நீரும், கீரையும் பழமுமாக நார்ப்பொருளும் சேர்ந்த உணவும் அவருக்குக் கிடைக்கின்றனவா என்பதை வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

முதற்கண், ஆண்டுக்கு இருமுறையேனும் முதியவரின் எல்லா மருந்துகளையும் ஒரே பையிலிட்டு, ஒரே மருத்துவர்முன் கொட்டிக் காட்ட வேண்டும். ஆங்கில மருந்து, சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து, கண் சொட்டு, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை என எதுவும் விடுபடலாகாது. மேல்விஷாரத்தைச் சுற்றி ஆற்காட்டிலும் இராணிப்பேட்டையிலும் வேலூரிலும் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. மருத்துவர் பலர் இருப்பது வசதி. பலரும் எழுதியதை ஒருவர் சேர்த்துப் பார்க்காதிருப்பதே குறை.

இரண்டாவதாக, மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இவற்றுள் வாயை உலர்த்தி மறதி தரும் மருந்து எது? அதன் தேவை இன்னும் உள்ளதா? அதனினும் தீங்கு குறைந்த மாற்று உண்டா? இக்கேள்விகளை நல்ல மருத்துவர் எவரும் தவறாகக் கொள்ளார்.

மூன்றாவதாக, இவ்வுரையைக் கேட்டுவிட்டு எந்த மருந்தையும் திடீரென நிறுத்திவிடுதல் கூடாது. டிரைஹெக்ஸிபெனிடிலையும் அமிட்ரிப்டிலினையும் பல மாதம் உண்டவர் ஒரே நாளில் விட்டால் உறக்கமின்மை, படபடப்பு, குமட்டல், தசை இறுக்கம் முதலியவை வரும். மருத்துவர் வழிகாட்டப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். மனநோய்க்கு மருந்து உண்போர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

நான்காவதாக, மிஞ்சிய மாத்திரைகளைப் பின்னால் உதவும் என்று சேர்த்து வைத்தலைத் தவிர்க்க வேண்டும். ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குத் தருதலும் கூடாது. பேரப்பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் மருந்துப் பை தொங்கக் கூடாது. தோட்டத்தில் ஊமத்தை இருந்தால் அதன் முட்காயைக் குழந்தைகளுக்குக் காட்டி, தின்னலாகாது என்று சொல்லித் தர வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், காயையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஐந்தாவது, இளைஞர்களுக்கு உரியது. முதியோர் பலரால் மாத்திரை அட்டையில் உள்ள நுண்ணிய எழுத்தைப் படிக்க இயலாது. பச்சை மாத்திரை, நீள மாத்திரை என்று நிறத்தையும் வடிவத்தையும் கொண்டே அவற்றை அறிகின்றனர். நிறுவனம் மாறினால் நிறமும் மாறிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் மருந்தின் பெயர், எதற்கு, எந்த வேளை, எழுதியவர் யார், தொடங்கிய நாள் எது என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது ஒரு மணி நேர வேலை. கல்லூரியில் பயிலும் பேரனோ பேத்தியோ அதைச் செய்யலாம். மருத்துவமனைக்குச் செல்லும்போது அத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்றால் போதும்.

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தையும் ஒன்றாக வைத்துப் போற்றியவர் முன்னோர். மருந்து வாங்கித் தருவதோடு அத்தானம் முடிவதில்லை. தேவையற்ற மருந்தை மருத்துவர் துணையுடன் அகற்றித் தருவதும் அதன் பாற்பட்டதே. இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர், இந்த வாரத்துக்குள் தம் வீட்டுப் பெரியவரின் மருந்துப் பையைத் திறந்து பட்டியல் எழுதிவிட வேண்டும். அடுத்த முறை மருத்துவரைக் காணும் நாளில் அப்பட்டியல் அவர் மேசைமேல் இருக்க வேண்டும்.